தரவில் ‘ஒன்று’ என்பது எது? வயலிலும் வார்டிலும் முந்திரிக் கொட்டகையிலும்

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் எம்.டி. தீசிஸ் எழுதும் மருத்துவர், சிதம்பரத்தில் வேளாண் முதுகலை படிக்கும் மாணவி, பண்ருட்டி முந்திரித் தொழிலை ஆராயும் வணிகவியல் பிஎச்.டி. மாணவர். மூவரும் ஒரே நாளில் எக்செல் தாளோடு புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் போனால், அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்தத் தாளில் ஒரு வரி என்பது என்ன? ஒரு குத்தா (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்து), ஒரு பாத்தியா? ஒரு முழங்காலா, ஒரு நோயாளியா? ஒரு தொழிலாளியா, ஒரு கொட்டகையா?

இதற்கான பதில் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும்போதே முடிவாகியிருக்க வேண்டும். கேள்வித்தாள், கருவி, மென்பொருள் இவற்றைப் பற்றியெல்லாம் கைடிடம் மணிக்கணக்கில் பேசுகிறோம். எதை ஒன்று என்று எண்ணுவது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. கடைசியில் தீசிஸைச் சாய்ப்பது அதுதான்.

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். ஐந்து உர அளவு, நான்கு ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு அளவையும் நான்கு பாத்தியில் திரும்பப் போடுவது), மொத்தம் 20 பாத்திகள். ஒவ்வொரு பாத்தியிலும் பத்துக் குத்துக்கு டேக் கட்டி, உயரமும் தூர் எண்ணிக்கையும் எடுக்கிறோம். தாளில் 200 வரிகள் ஏறுகின்றன. ஆனால் உரத்தை நாம் குத்துக்குக் குத்து பிரித்துப் போடவில்லை, பாத்திக்குத்தான் போட்டோம். ஆகவே உண்மையான எண்ணிக்கை 20. பாத்தியின் பத்துக் குத்தையும் சராசரியாக்கி 20 எண்களாக வைத்தால், ஆர்.பி.டி. முறையில் (வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குலுக்கிப் போடுவது) எரர் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது பிழையை மதிப்பிட மிஞ்சும் தனித்தகவல்களின் எண்ணிக்கை, 4 × 3 = 12. இருநூறு வரிகளையும் தனித்தனியாகப் போட்டால் அது 190-ஐத் தாண்டிவிடும். மென்பொருள் மறுப்பு சொல்லாது. இல்லாத வித்தியாசத்துக்கெல்லாம் ‘உண்மையான வித்தியாசம்’ என்று நட்சத்திரக் குறி போட்டுக் கொடுக்கும்.

மருத்துவத்தில் இதே பிழை 60 நோயாளிகளின் 120 முழங்கால்களாக வரும். ஒரே ஆளின் இரண்டு முழங்கால்களும் ஒரே உடல் எடையைத் தாங்குகின்றன, ஒரே வலி மாத்திரையைப் பெறுகின்றன. அவை இரண்டு சாட்சிகள் ஆகமாட்டா. வணிகவியலில் 20 மகளிர் சுய உதவிக் குழுக்கள், குழுவுக்கு 15 பேர், ஆக 300 பேர் என்று வரும். ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒரே வங்கிக் கிளை, ஒரே தலைவி, ஒரே தெரு என்று பலவற்றில் ஒத்திருப்பார்கள். அந்த ஒத்திருப்பின் அளவு (0 என்றால் ஒத்திருப்பே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.1 என்று வைத்தால், டிசைன் எஃபெக்ட், அதாவது கொத்தாக எடுத்ததால் மாதிரி எத்தனை மடங்கு வலுவிழக்கிறது என்ற கணக்கு, 1 + (15 − 1) × 0.1 = 2.4. முந்நூறை 2.4-ஆல் வகுத்தால் 125. கையில் 300 படிவங்கள் இருந்தாலும் தகவல் 125 பேருக்கானதுதான். குழுவுக்கு 15 பேர் வீதம் 20 குழுக்களில் எடுப்பதைவிட, குழுவுக்கு 5 பேர் வீதம் 60 குழுக்களில் எடுப்பது எப்போதும் மேல். அலைச்சல் கூடும், ஆனால் டிசைன் எஃபெக்ட் 1.4-ஆக இறங்கிவிடும்.

பாத்தி போடுவதில் தொடங்கி எடை போடுவது வரை

ரெப்ளிகேஷன் எத்தனை வேண்டும் என்பதற்கு வேளாண் துறையில் ஒரு பழைய கணக்கு உண்டு: எரர் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 12-க்குக் குறையக்கூடாது. ஏழு ட்ரீட்மென்ட் (ஒப்பிடப்படும் உர அளவு போன்றவை) என்றால் மூன்று ரெப்ளிகேஷன் போதும் (6 × 2). ஐந்து ட்ரீட்மென்ட் என்றால் நான்கு வேண்டும். நான்கு ட்ரீட்மென்டை மூன்று ரெப்ளிகேஷனில் போட்டால் ஆறுதான் கிடைக்கும். எவ்வளவு கவனமாக எடை போட்டாலும் அதில் மிகப் பெரிய வித்தியாசம் தவிர எதுவும் தெரியாது.

பிளாக் (எல்லா ட்ரீட்மென்டும் ஒருமுறை வரும், ஒரே மாதிரி மண்ணுள்ள பாத்திகளின் தொகுப்பு) எந்தத் திசையில் போடுவது என்பதை வரைபடத் தாளில் முடிவு செய்யாதீர்கள். வயலில் நின்று மடை எங்கே, வடிகால் எங்கே என்று பாருங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் வாய்க்கால் மடைக்கு அருகே வண்டல் தங்கும், மறுகோடியில் தண்ணீர் தேங்கும். மடையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் பாத்திகள் ஒரே பிளாக்கில் வரவேண்டும். மடையிலிருந்து வடிகால் வரை நீளமாக ஒரு பிளாக்கை இழுத்தால், நல்ல மண்ணும் மோசமான மண்ணும் அந்த ஒரே பிளாக்குக்குள் மாட்டிக்கொள்ளும். பிளாக் போட்ட பலனே இல்லாமல் போகும். குலுக்கல் ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியாக நடக்க வேண்டும். முதல் பிளாக்கின் வரிசையை மற்ற பிளாக்குகளுக்கும் அப்படியே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் முதல் ட்ரீட்மென்ட் எப்போதும் ஓரத்திலேயே நிற்கும்.

உர ஆய்வில் இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒற்றை வரப்பு போதாது. தழைச்சத்து தண்ணீரோடு கசிந்து பக்கத்துப் பாத்திக்குப் போகும். இரட்டை வரப்பு, நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் குறையாத ஒரு சிறு வாய்க்கால் என்று விட்டால்தான் கட்டுப்படும். சம்பாவில் மேலுரம் போடும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவது நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல். மழை வரப்பு தாண்டி ஓடினால் அன்று போட்ட உரம் எந்தப் பாத்திக்குரியது என்று யாராலும் சொல்ல முடியாது. வானம் கருத்திருந்தால் அட்டவணையைத் தள்ளிப்போடுங்கள். எல்லாப் பாத்திகளுக்கும் சேர்த்துத் தள்ளிப்போடுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள். பாதிப் பாத்திக்கு இன்று, மீதிக்கு நாளை மறுநாள் என்பது கூடாது. ஒரு நாளில் முடியாத வேலையை பிளாக் பிளாக்காகப் பிரியுங்கள். அப்போதுதான் நாளின் வித்தியாசம் பிளாக்கோடு போய்விடும்.

உரத்தை வயலில் நின்று அளக்க வேண்டாம். 5 × 4 மீட்டர் பாத்தி என்றால் 20 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் பாத்திக்கு 300 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், எனவே 652 கிராம் யூரியா. நான்கு தவணை என்றால் தவணைக்கு 163 கிராம். இதை முந்தின நாளே தராசில் எடை போட்டு, பாத்தி எண் எழுதிய பொட்டலங்களாகக் கட்டி எடுத்துப் போகவேண்டும். பொட்டலத்தில் ட்ரீட்மென்ட் எண்ணை எழுதாமல் பாத்தி எண்ணை மட்டும் எழுதினால், தூவுகிறவருக்கு எது அதிக உரம் என்று யோசிக்க இடமே இருக்காது.

அறுவடைக் கணக்கில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அந்த 5 × 4 மீட்டர் பாத்தியில் 20 × 10 செ.மீ. இடைவெளியில் நட்டிருக்கிறோம். நான்கு மீட்டர் அகலத்தில் 20 வரிசை. இரு ஓரத்திலும் இரண்டிரண்டு வரிசையை விட்டால் 16 வரிசை, 3.2 மீட்டர். நீளவாக்கில் இரு முனையிலும் இரண்டிரண்டு குத்தை விட்டால் 4.6 மீட்டர். நிகரப் பாத்தி 14.72 சதுர மீட்டர். தூற்றிய நெல் 9.2 கிலோ, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைப்போம். 14 சதவீத ஈரப்பதத்துக்குத் திருத்தினால் 9.2 × 80 ÷ 86 = 8.56 கிலோ. ஹெக்டேருக்கு ஏறக்குறைய 5,815 கிலோ. ஈரப்பதத் திருத்தத்தை விட்டுவிட்டால் 6,250 கிலோ. எடையை நிகரப் பாத்தியிலிருந்து எடுத்துவிட்டு, மொத்தப் பரப்பான 20 சதுர மீட்டரால் வகுத்தால் 4,280 கிலோ. வயல் ஒன்று, நெல் ஒன்று, விடை மூன்று. காலைப் பனியோடு அறுத்த முதல் பிளாக் 22 சதவீதத்திலும், பிற்பகலில் அறுத்த கடைசி பிளாக் 17 சதவீதத்திலும் இருப்பது சாதாரணம். அதனால் ஈரப்பதமானியை ஒவ்வொரு பாத்தியின் நெல்லிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்து எல்லாவற்றுக்கும் போடக்கூடாது.

கடைசியில் சி.வி. சதவீதத்தை (பிழைச் சிதறல் சராசரியில் எத்தனை சதவீதம் என்பதை) பாருங்கள். நெல் மகசூலில் 10 முதல் 15 வரை வந்தால் நம்பலாம். 25-ஐத் தாண்டினால் வயலிலோ எடையிலோ கோளாறு. இரண்டு, மூன்று என்று வந்தாலும் மகிழ வேண்டாம். வயல் அவ்வளவு சீராக இருப்பதில்லை. யாரோ எண்களைச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அனுபவமுள்ள தேர்வாளர் வைவாவில் நினைப்பார்.

மரப்பயிரில் கணக்கு வேறு. விருத்தாசலம் பக்கத்து முந்திரியில் 7 × 7 மீட்டரில் நட்டால் ஹெக்டேருக்கு 204 மரங்கள். இங்கே நான்கு மரங்களைச் சேர்த்து ஒரு பாத்தியாக வைப்பதுண்டு. அப்படியானால் அந்த நான்கும் சேர்ந்துதான் ஒன்று. ஒரு மரத்தின் நான்கு கிளைகளில் நான்கு மருந்து அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அங்கே கிளை ‘ஒன்று’ ஆகலாம், ஆனால் மரம் பிளாக் ஆகிவிடும். மருந்து கிளைக்குக் கிளை சாற்றோடு நகரும் வகையாக இருந்தால் அந்த அமைப்பே செல்லாது.

விழுந்ததை எப்படி எண்ணுவது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இங்கே பல பருவம் நீளும் ஆய்வு என்றால் புயலையும் வெள்ளத்தையும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

சாய்ந்த பயிரைத் தரவிலிருந்து நீக்கலாமா? பலர் நீக்குகிறார்கள். ஆனால் தழைச்சத்து கூடுதலாகப் போட்ட பாத்திதான் காற்றில் முதலில் சாயும். அதை நீக்கிவிட்டால் அதிக உரத்தின் தீங்கையே தரவிலிருந்து அழித்துவிட்டு, மிஞ்சியதை வைத்து அதிக உரத்தைப் பரிந்துரைக்கிறோம். சாய்வைச் சதவீதமாகக் குறித்து அதையும் ஒரு அளவீடாக வையுங்கள், பாத்தியை நீக்காதீர்கள். எலி வெட்டியது, மாடு மேய்ந்தது என்று ட்ரீட்மென்டுக்குத் தொடர்பே இல்லாத காரணத்தால் போனதை மட்டும் விடுபட்ட பாத்தியாக நடத்தலாம். அங்கும் மற்ற ரெப்ளிகேஷன்களின் சராசரியை எடுத்து நிரப்பக்கூடாது. விடுபட்ட பாத்திக்கான சூத்திரம் இருக்கிறது. அதைப் போட்டால் எரர் டிகிரி ஆஃப் ஃப்ரீடமில் ஒன்றைக் குறைக்கவும் வேண்டும்.

மருந்து ஆய்வில் பாதியில் நின்றுபோன நோயாளியும் இப்படித்தான். பக்க விளைவு தாங்காமல் நின்றவரை நீக்கிவிட்டால் மருந்து நல்ல மருந்தாகத் தெரியும். எந்தக் குழுவில் சேர்த்தோமோ அந்தக் குழுவிலேயே கடைசிவரை எண்ண வேண்டும். வணிகத்தில் மூடிய கடை. இன்று திறந்திருக்கும் நிறுவனங்களை மட்டும் சந்தித்து ‘வெற்றிக்கான காரணிகள்’ எழுதும் ஆய்வுகள் எத்தனையோ. மூடியவர்களும் அதே காரணிகளோடுதான் ஓடினார்களா என்பதை யாரும் கேட்பதில்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு பட்டியலைப் பிடித்து, அதிலிருந்து சீட்டுக் குலுக்கி, மூடியதையும் தேடிப் போய்க் காரணம் கேளுங்கள். இந்த ஒரு வேலை அந்தத் தீசிஸின் தரத்தையே மாற்றிவிடும்.

முந்திரிக் கொட்டகையில் கேள்வித்தாள்

பண்ருட்டியில் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பட்டியலை மட்டும் வைத்து மாதிரி எடுத்தால் வீட்டுக் கொட்டகைகள் விட்டுப்போகும். ஒரே குடும்பத்தில் கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று மூன்று பதிவு இருந்தால், ஒரே கொட்டகை மூன்றாக எண்ணப்படும். முதலில் தெருத் தெருவாக நடந்து பட்டியல் போடுங்கள். ஒரு வளாகம், ஒரே கணக்குப் புத்தகம் இருந்தால் ஒரு நிறுவனம் என்பது போன்ற வரையறையை எழுதிக்கொண்டு, அதன்படி எண்ணுங்கள்.

குறு நிறுவனம் என்று எழுதும்போது தேதியையும் சேர்த்து எழுதுங்கள். 2020 ஜூலை 1 முதல் முதலீடு 1 கோடி, விற்றுமுதல் 5 கோடி வரை குறு. 2025 ஏப்ரல் 1 முதல் அதுவே 2.5 கோடி, 10 கோடி. தரவு எடுக்கும் காலம் இந்த இரண்டையும் தொட்டால், முதல் சுற்றில் ‘சிறு’ என்று குறித்த அதே கொட்டகை அடுத்த சுற்றில் ‘குறு’ ஆகிவிடும். கொட்டகை சுருங்கிவிட்டது என்று தரவு சொல்லும். அளவுகோல் மாறியது யாருக்கும் தெரியாது. வகையைக் கேட்காமல் முதலீட்டையும் விற்றுமுதலையும் எண்ணாக வாங்கி, பிறகு நீங்கள் வகைப்படுத்துங்கள்.

ஆனால் விற்றுமுதலை நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். “ஏதோ ஓடுதுங்க” என்பதுதான் பதில். மூட்டையில் கேளுங்கள். “அண்ணே, போன வாரம் எத்தனை மூட்டை கொட்டை வறுத்தீங்க? பருப்பு எத்தனை கிலோ கண்டுச்சு?” என்று கேட்டால் தயங்காமல் வரும். இறக்குமதிக் கொட்டையின் தரத்தை 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு என்றுதான் பேசுகிறார்கள். 48 பவுண்டு நல்ல தரம். அது 22 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 27 சதவீதம். பத்து மூட்டைக்கு 400 கிலோ பருப்பு என்று யாராவது சொன்னால் கேள்வி புரியவில்லை என்று பொருள். அங்கேயே திரும்பக் கேட்கலாம். வீட்டுக்குப் போய் எக்செலில் கண்டுபிடித்துப் பயனில்லை. தரம் பிரித்த கணக்கில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 முழுப்பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரியது, விலையும் அதிகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் சராசரி விலை கேட்டால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

உடைப்பவர்களிடம் பேசும்போது மாதச் சம்பளம் கேட்காதீர்கள், அவர்களுக்குக் கிலோ கணக்குக் கூலி. “அக்கா, நேத்து எத்தனை கிலோ உடைச்சீங்க, கிலோவுக்கு என்ன குடுத்தாங்க?” என்று நேற்றைய நாளை மட்டும் கேட்டு, வாரத்தில் எத்தனை நாள் வேலை என்று பெருக்கிக்கொள்ளலாம். ஒரே பெண் காலையில் ஒரு கொட்டகையிலும் மாலையில் வேறொன்றிலும் வேலை பார்ப்பார். கொட்டகை வழியாக ஆள் எடுத்தால் அவர் இரண்டு முறை வருவார். வீடு வழியாக எடுத்தால் ஒரு முறைதான்.

ஐந்து படி அளவுகோல் கேள்விகள், ‘முழுமையாக உடன்படுகிறேன்’ வகை, இங்கே வாய்மொழியாகக் கேட்டால் வேலைக்காகாது. வந்தவரை மதிக்க எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” சொல்வார்கள். இரண்டாகப் பிரியுங்கள். முதலில் சரியா, சரியில்லையா. பிறகு கொஞ்சமா, ரொம்பவா. சில கூற்றுகளை எதிர்மறையாக வையுங்கள். ‘வங்கிக் கடன் எளிது’ என்பதற்கும் ‘வங்கிக் கடனுக்கு அலையவேண்டியிருக்கிறது’ என்பதற்கும் ஒருவர் ஆமாம் சொன்னால் அந்தப் படிவத்தின் மீதியையும் சந்தேகிக்கலாம். குரோன்பாக் ஆல்பா (ஒரு தொகுதிக் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.7-க்கு மேல் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டிருக்கிறோம் என்று பொருள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடலோர ஊர்களில் வருமானம் கேட்பதற்குக் காலம் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், சந்திக்க வசதியான காலம். ஆனால் ‘கடந்த மாத வருமானம்’ கேட்டால் வருடம் முழுக்க ஏழை என்று பதிவாகும்.

ரத்தம், அழுத்தம், ஒப்புதல்

நோய் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆய்வுக்கு மாதிரி அளவு எளிது. எதிர்பார்ப்பு 30 சதவீதம், இருபுறமும் 5 சதவீதப் புள்ளி பிழை அனுமதி என்றால் 4 × 30 × 70 ÷ 25 = 336 (4 என்பது 95 சதவீத உறுதிக்கான எண், 25 என்பது 5-இன் வர்க்கம்). கிராமம் கிராமமாகக் கொத்தாக எடுத்தால், டிசைன் எஃபெக்ட் 2 என்று வைத்து 672. தொடர் சந்திப்பு உள்ள ஆய்வில் இருபது சதவீதம் பேர் திரும்பி வரமாட்டார்கள் என்று வைத்தால், 336-உடன் இருபது சதவீதம் கூட்டி 403 என்று எழுதுவது பரவலான தவறு. 403-இல் இருபது சதவீதம் போனால் 322-தான் மிஞ்சும். 336-ஐ 0.8-ஆல் வகுத்து 420 எடுக்க வேண்டும். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடலூர், விழுப்புரம், அதற்கும் அப்பால் இருந்து வருகிறார்கள். பஸ் ஏறி வந்து போகிறவர் மூன்றாம் மாதம் திரும்பி வருவார் என்று நம்பித் திட்டம் போடாமல், இரண்டு கைபேசி எண்களும் பக்கத்து வீட்டு அடையாளமும் முதல் நாளே வாங்கிவைக்க வேண்டும்.

இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும்போது முதல் ஆளுக்கு இது, அடுத்தவருக்கு அது என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது குலுக்கல் ஆகாது. அடுத்தது எது என்று தெரிந்துவிட்டால், நோய் முற்றியவரைச் சற்று நேரம் உட்காரவைத்து அடுத்தவரை முன்னால் அழைப்பது மனித இயல்பு. வரிசை எண்ணிட்ட, உள்ளே தெரியாத, ஒட்டிய உறைகள் வேண்டும். உறையின் மேல் பெயரை எழுதிய பிறகே பிரிக்க வேண்டும். இரண்டு சிகிச்சையும் சமமாக வரும்படி நான்கு நான்கு பேராகப் பிளாக் போட்டால் நான்காவது எது என்று ஊகிக்கலாம். நான்கும் ஆறும் கலந்து போடுங்கள். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு, முதல் ஆளைச் சேர்க்கும் முன் முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவு கிடையாது.

ரத்த அழுத்தம் எல்லோரும் எடுப்பது, அதனாலேயே கவனம் தளர்வது. டீ, புகையிலை, வேக நடை எல்லாம் முடிந்து அரை மணி, அதன்பின் முதுகு சாய்த்துப் பேசாமல் ஐந்து நிமிடம், கால் தரையில், கை இதய மட்டத்தில், கஃப்பின் உள்ளிருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய கஃப் போட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி. காதால் கேட்டு எடுக்கும் கருவி என்றால், வாரம் ஒருமுறை கடைசி இலக்கங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டிரண்டாகப் படித்தால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு வரவேண்டும். பாதிக்கு மேல் 0-வில் முடிந்தால், அளப்பவர் தோராயமாக்குகிறார். 140 என்ற எல்லைக் கோட்டில் அந்தத் தோராயம் எத்தனை பேரை நோயாளி ஆக்குகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிராமத்தில் ரத்தம் எடுத்துப் புதுச்சேரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும்போது சர்க்கரை இறங்கிவிடும். பிரிக்காத ரத்தத்தில் செல்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைச் சாப்பிடுகின்றன. வெறும் வயிற்றில் 130 இருந்தவர் காட்டுமன்னார்கோயிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் 112-க்கும் 117-க்கும் நடுவே வந்து நிற்பார். நீரிழிவின் எல்லை 126. இருந்த நோய் வண்டியிலேயே காணாமல் போய்விட்டது. சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கிறதே என்றால், அதுவும் முதல் ஓரிரு மணி நேரத்தில் இந்த இறக்கத்தை முழுதாக நிறுத்துவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அரை மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜ் செய்து பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் ஊதா மூடிக் குழாயில் எச்.பி.ஏ1சி-க்கு (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) எடுங்கள். அது குளிரில் சில நாள் தாங்கும். எந்தக் குழாயையும் ஐஸ் கட்டியில் நேராகப் படவிடாதீர்கள், செல்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

தகவல் தாள் தமிழில், வாசித்துக் காட்டினால் புரியும் தமிழில் இருக்க வேண்டும். கைநாட்டு என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி ஆய்வில் பங்கேற்பவர் கையில் போக வேண்டும். முன்னோட்டத்துக்குப் பிறகு கேள்வி ஒன்றை மாற்றினாலும் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

எல்லை கடந்து, துறை கடந்து

பாகூர்ப் பக்கம் புதுச்சேரி ஊரும் கடலூர் மாவட்ட ஊரும் மாறி மாறி வரும். இரண்டு அரசு நிர்வாகம், இரண்டு அனுமதி. ஏழ்மையை ரேஷன் கார்டால் அளக்காதீர்கள். புதுச்சேரியின் சிவப்பு, மஞ்சள் அட்டைகளுக்கும் தமிழ்நாட்டு அட்டை வகைகளுக்கும் நேர் பொருத்தம் கிடையாது. நிலப்பரப்பும் அப்படியே. இந்தப் பக்கத்துக் குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். காவிரிப் பாசனப் பக்கம் குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, 33 சென்ட். நான்கு மடங்கு வித்தியாசம். படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம், அலகுக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம் வையுங்கள். களத்தில் நின்று ஏக்கராக மாற்ற வேண்டாம். நெல் மூட்டையும் இப்படித்தான். 75 கிலோவா, 60 சொச்சமா, கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பமா என்று எழுதாமல் விட்டால் மகசூல் இரட்டிப்பாகும்.

மூன்று துறையும் சேர்ந்து ஒரு ஆய்வு, பூச்சிமருந்து தெளிப்பவர்களின் உடல்நலமும் செலவும் என்று வைத்துக்கொள்வோம். வேளாண் துறைக்கு ‘ஒன்று’ என்பது வயல், மருத்துவத்துக்கு ஆள், பொருளாதாரத்துக்கு வீடு. ஒரே ஆள் பல வயலில் தெளிப்பார், ஒரு வயலில் பலர் தெளிப்பார்கள். இதை ஒரே எக்செல் தாளில் அடக்க முடியாது. ஆள் தாள், வயல் தாள், வீட்டுத் தாள் என மூன்றும், யார் எந்த வயலில் எந்தத் தேதியில் எந்த மருந்து தெளித்தார் என்ற நான்காவது இணைப்புத் தாளும் வேண்டும். அடையாள எண் ஊர், வீடு, ஆள் என்ற வரிசையில் இருக்கட்டும். ஆனால் 07-04 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும், 07-ஐ 7 ஆக்கிவிடும். முன்னால் ஒரு எழுத்து வையுங்கள்: கு07-043-02. விடுபட்ட பதிலுக்கு 99 போடும் பழக்கத்தை வயதுக் கட்டத்திலாவது விட்டுவிடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனிக் கோப்பில் பூட்டப்பட்டிருக்கட்டும்.

ஏற்கெனவே தரவு எடுத்து முடித்துவிட்டவர்கள் செய்யக்கூடியது இவ்வளவு. குத்துகளை எண்ணியிருந்தால் பாத்திக்கு ஒரு சராசரியாக மடக்குங்கள். இரண்டு முழங்கால் எடுத்திருந்தால் வலி அதிகமுள்ள ஒன்றை மட்டும் வையுங்கள். அந்தத் தேர்வை எல்லோருக்கும் ஒரே விதமாகச் செய்யுங்கள். அல்லது ஆள் எண்ணை ரேண்டம் எஃபெக்டாக வைத்து மிக்ஸ்டு மாடல் (ஒரே ஆளின் அளவீடுகள் ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கும் முறை) ஓட்டுங்கள். குழு எண்ணைப் பதிவு செய்திருந்தால் சுய உதவிக் குழுத் தரவையும் அதே வழியில் காப்பாற்றலாம். பதிவு செய்யவில்லை என்றால் படிவங்களை எடுத்து ஊர், தேதி, கேட்டவர் பெயர் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே ஊரில் ஒருவரே நிரப்பிய படிவங்கள் பெரும்பாலும் ஒரே குழுக் கூட்டத்தில் எடுத்தவை. அந்த அடுக்குக்கு ஒரு எண் கொடுத்துத் தாளில் புது நெடுவரிசையாக ஏற்றிவிட்டு, அதன் பிறகு மென்பொருளைத் திறங்கள்.